களிம்பு துலக்கிய கதை

நமது கலாசாலையின் இரசாயனப் பரிசோதனைச் சாலையிற் பயின்றோர் எவரும் மறக்கவொண்ணாத நிறம் ஒன்று உண்டு. பெயரறியாத உப்பு ஒன்றைக் கையிற் கொடுத்து, இதனுள் அடங்கிய உலோகம் யாது என்று ஆசிரியர் வினவுவர். அதனை நீரிற் கரைத்து, அமோனியாக் கரைசலைத் துளித்துளியாக விடுவோம். முதலில் வெளிறிய நீல வண்டல் ஒன்று தோன்றும். மேலும் சில துளிகள் விடவே அவ்வண்டல் கரைந்து, மயிலின் கழுத்தை ஒத்த ஆழ்ந்த நீலம் குழாய் முழுதும் பரவும். 'செம்பு' என்று ஏட்டில் எழுதிவிட்டு, மணியடிக்குமுன் வெளியேறுவோம். யானும் அவ்வாறு எழுதி முழு மதிப்பெண் பெற்றவனே. அதே நீலத்தைப் பிறிதோரிடத்திற் கண்டபொழுது, பெயரை அறிந்தும் பொருளை அறியாதவனாய் நின்றேன். இச்சஞ்சிகையின் ஆசிரியர் ஏதேனும் எழுதுக என்று பணித்தமையால், அக்கதையை ஈண்டு எழுதத் துணிகின்றேன். அதில் எனக்குப் பெருமை தருவது யாதொன்றுமில்லை.

2011-ஆம் ஆண்டில் மேற்படிப்பின்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாகாணத்திற்குச் சென்றேன். அங்கே ஒரு சிற்றூரில், மனைவியை இழந்து தனித்து வாழ்ந்த முதியவர் ஒருவர் தம் வீட்டின் மாடியறையை எனக்கு வாடகைக்குத் தந்தார். அவரது பெயரை வெளியிடுதல் முறையன்று. பெரியவர் என்றே குறிப்பேன். இளமை முதல் ஒரு தொழிற்பட்டறையிற் கடைசல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சொற்களைச் செட்டாகச் செலவிடுபவர். யான் அவரை 'ஐயா' என்று பொருள்படும் அவர்கள் சொல்லாலேயே அழைப்பேன். அவர் என்னை 'மகனே' என்பார். முதற் குளிர்காலத்தில் எனக்குக் கடுஞ்சுரம் கண்டது. ஒன்பது நாள்கள் அவர் தமது முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது மாடிப்படி ஏறி வந்து, கோழிச்சாறு கொணர்ந்து ஊட்டாத குறையாகப் பருகச் செய்தார். அந்நன்றிக்கு ஈடாக ஏதேனும் செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் என் உள்ளத்தில் அன்றே வேரூன்றியது. பின்னர் நிகழ்ந்த கேட்டிற்கெல்லாம் அந்நல்லெண்ணமே வித்து.

பெரியவரது வீட்டை அடுத்துக் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் ஒரு மூலையில் மரப்பலகை மேசையும், அதன்மேல் நெம்புகோலுடன் கூடிய ஓர் இரும்பு அழுத்துப்பொறியும், நுண்ணிய தராசும் இருந்தன. சுட்டபின் எஞ்சிய பித்தளைத் தோட்டாக் கூடுகளை மீண்டும் நிரப்பும் தொழிற்கு உரிய கருவிகள் அவை. அந்நாட்டில் வேட்டைப் பழக்கமுடையோர் பலர் இதனை ஒரு வீட்டுக் கைத்தொழிலாகவே செய்கின்றனர். சுட்ட கூட்டின் அடியிலுள்ள பழைய பிரைமரை, அஃதாவது ஊசி பட்டவுடன் தீப்பொறி எழுப்பும் சிறு கிண்ணத்தைத் தள்ளி நீக்குவர். வெடித்தபொழுது விரிந்த கூட்டை எஃகு அச்சினுட் செலுத்திப் பழைய அளவிற்குக் கொணர்வர். புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, வாயிற் குண்டைச் செருகுவர். மருந்து, குண்டு, பிரைமர் மூன்றும் ஒருமுறைக்கே பயன்படுவன. கூடு மாத்திரம் பலமுறை பிறந்து இறக்கும்.

இதனைக் கண்டு யான் வியந்ததற்குக் காரணம் உண்டு. கலாசாலையில் தேசிய மாணவர் படையிற் சேர்ந்திருந்த நண்பர்கள் நினைவிற் கொள்வர்: ஆண்டிற்கொருமுறை சுடுகளத்திற்கு அழைத்துச் சென்று, 0.22 அங்குலத் துப்பாக்கியாற் சிலமுறை சுடவிடுவர். சுட்டு முடிந்ததும் புல்லிடையே தவழ்ந்து ஒவ்வொரு வெற்றுக்கூட்டையும் பொறுக்கி, எண்ணி, ஒப்படைத்த பின்னரே உணவு. ஒரு கூடு குறைந்தமையால் ஒரு பிற்பகல் முழுதும் வெயிலில் மண்ணைக் கிளறியிருக்கின்றோம். அத்தகைய நான், வாளி நிறையக் கூடுகள் கேட்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு திகைத்தது இயல்பே அன்றோ?

நிற்க. வாளிக் கூடுகள் வேறு. மேசையின்மேல் ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தவை வேறு. அப்பெட்டியின் மூடியில் 120 என்று கரிக்கோலால் எழுதப்பெற்றிருந்தது. அவ்வெழுத்து பெரியவருடைய தம்பியாரது கை. சகோதரர் இருவரும் நாற்பதாண்டுகளாக, நவம்பர் மாத இறுதியில் மான்வேட்டைப் பருவம் தொடங்கும் நாளில், ஒரே மலைச்சரிவிற்குச் சேர்ந்து சென்றவர்கள். (அம்மாகாணத்தில் அக்காலத்தில் அந்த முதல் நாளில் பள்ளிகள் பலவற்றிற்கு விடுமுறை விட்டுவந்தனர் என்றால், வேட்டைக்கு அங்குள்ள மதிப்பைத் தாங்களே உணரலாம்.) தோட்டா நிரப்பும் வேலை என்றும் தம்பியாருடையது. அவர் முந்திய கோடையில் இறந்துவிட்டார். அவர் சேர்த்துவைத்த 120 கூடுகளும், 1906-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட 'முப்பது-நாட்-ஆறு' என்னும் வகையின. இரண்டரை அங்குல நீளம் உடையன. அடித்தட்டில் எல், சி என்னும் இரண்டு எழுத்துக்களும் 67 என்ற எண்ணும் பொறிக்கப்பெற்றிருந்தன. மிசௌரி மாகாணத்து இண்டிப்பெண்டன்சு நகரத்தில் 1941-இல் தொடங்கிய லேக் சிட்டி படைக்கலச் சாலையில் 1967-இல் செய்யப்பெற்றவை என்பது அதன் பொருள்.

அக்கூடுகளின் நிறம் என் கண்ணை உறுத்தியது. வாளியிற் கிடந்தவை பொன்போல் ஒளிர, இவை பழைய வெல்லத்தின் நிறத்தனவாய் இருந்தன. சிலவற்றிற் கருந்திட்டுக்கள், சிலவற்றில் விரல் பட்ட இடத்தில் விரலின் வரிகளே பதிந்தாற்போன்ற தவிட்டு நிறம். தோள்ப்பகுதியில், கழுத்தை ஒட்டி, நீலமும் ஊதாவும் கலந்த மங்கிய வளையம் ஒன்று ஏறக்குறைய எல்லாக் கூடுகளிலும் இருந்தது. நூறு பங்கில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. காற்றின் பிராணவாயுவால் முதலில் செந்நிறமும், பின்னர்க் கருநிறமும் அடைதலும், கந்தகப் புகையால் கறுத்தலும், வியர்வையின் உப்பினால் புள்ளிபடுதலும் அதன் இயல்பு. தாவரச் சாற்றாற் பதனிட்ட தோலுறையில் நெடுநாள் வைத்தால் பச்சைக் களிம்பு பூக்கும். இவையெல்லாம் யான் அறிந்தவையே. இந்நிறமாற்றங்களில் மிகப்பல மேற்றோலளவில் நிற்பன, சுடுதற்கு யாதொரு தீங்கும் செய்யாதன என்பதை மட்டும் அறிந்திலேன்.

என் பாட்டியார் பண்டிகைக்கு முன்னாட்களில் குடங்களையும் செம்புகளையும் முற்றத்திற் குவித்து, புளியும் சாம்பலும் செங்கற்றூளும் இட்டுத் தேய்ப்பார். மாலை வெயிலில் அவை ஒளிரும் காட்சியே எனக்குப் பித்தளை என்னும் சொல்லின் பொருள். கறுத்த பித்தளை இருக்கும் வீடு கவனிப்பாரற்ற வீடு என்பது எங்கள் ஊர் வழக்கு. தம்பியை இழந்த துயராற் பெரியவர் அவற்றைத் துலக்காது விட்டார் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

அக்டோபர் மாதத்தில் அவர் தம் மகள் வீட்டிற்கு மூன்று நாள் சென்றார். அன்றே பெட்டியைத் திறந்தேன். புளி அவ்வூரிற் கிடைத்திலது. காடியும் உப்பும் கலந்த நீரிற் கூடுகளை ஊறவைத்தேன். கால்மணி நேரத்தில் எடுத்திருந்தால் ஒருவாறு நன்றாயிருந்திருக்கும். யானோ, கறை முற்றும் நீங்கட்டும் என்று இரவுவரை விட்டுவிட்டேன். எடுத்துப் பார்க்கையில், கருமை போயிற்று. ஆயின் பொன்னிறம் வந்திலது. தொட்டிற் குழந்தையின் உள்ளங்கால்போல் இளஞ்சிவப்பாய் இருந்தன. புளிப்பு, துத்தநாகத்தை முன்னர் அரித்துச் செம்பை மேற்பரப்பில் விட்டுவிட்டது என்று உணர்ந்தேன். அவ்வளவில் நிறுத்தியிருந்தாற் கேடில்லை. செம்பை எடுக்கவல்லது யாது? அமோனியா! கண்ணாடி துடைத்தற்கென்று சமையலறையின் அடியில் வைத்திருந்த அமோனியா நீர்ப் புட்டி முழுவதையும் ஊற்றி, கூடுகளை அதனுள் அமிழ்த்தி, உறங்கச் சென்றேன்.

காலையிற் பார்த்தால் பாத்திரம் முழுதும் மயிற்கழுத்து நீலம். வாசகரே, அவ்வேளையில் யான் அடைந்தது அச்சமன்று; மகிழ்ச்சி. பழைய தோழனை அயலூரிற் கண்டதுபோன்ற மகிழ்ச்சி. வெளியே எடுத்த கூடுகள் புகைபிடித்தாற்போல் மங்கியிருந்தன. கணப்படுப்பின் சாம்பலை நனைத்து, அன்றும் மறுநாளும் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பாட்டியாரது முற்றம் அக்கொட்டகைக்கு வந்தது. கழுத்திலிருந்த நீல வளையங்களும் அடையாளமின்றிப் போயின.

திரும்பிவந்த பெரியவர் பெட்டியைத் திறந்து நெடுநேரம் நின்றார். ஒரு கூட்டை எடுத்துக் கழுத்தைப் புரட்டிப் பார்த்தார். "எதனால் துலக்கினாய்?" என்றார். அவர் குரலிலிருந்தது உவகையா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமையாலேயே நாக்கு வழுக்கிற்று. "எலுமிச்சஞ்சாறு, ஐயா," என்றேன். அவர் தலையசைத்தார். "எலுமிச்சை தீங்கில்லை. தம்பி பார்த்தால் சிரிப்பான்," என்று சொல்லி, அடுத்த சனிக்கிழமை அவற்றை நிரப்பப் போவதாகவும், பருவம் தொடங்கும் நாளில் என்னையும் மலைக்கு அழைத்துச் செல்வதாகவும் கூறினார். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றளவும் என்னையே கேட்டுக்கொள்கின்றேன். புட்டி காலியானதற்குக் காசு கொடுக்க வேண்டுமே என்னும் அற்ப எண்ணமாகவும் இருக்கலாம்.

அவ்வாரம் வியாழக்கிழமை பல்கலைக்கழக நூல்நிலையத்தில், வகுப்பிற்கென உலோக அரிப்பைப் பற்றிய ஒரு பெரிய பாடநூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'பருவ வெடிப்பு' என்னும் தலைப்பில் ஒரு பகுதி. அதன் முதல் வாக்கியத்திலேயே இந்தியா என்னும் சொல். நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சி நடந்த நாளில், மழைக்காலத்தில், படையினர் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை இலாயங்களை அடுத்து வைத்திருந்தனராம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கையில், சுடப்படாமலே, யாரும் தொடாமலே, கூடுகள் தாமாகப் பிளந்திருந்தனவாம். காரணம் நெடுநாள் விளங்காதிருந்தது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அதனைத் தெளிவுறுத்தினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றிற் கலந்து, பித்தளையின் நுண்மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளின் வழியே உட்புகுந்து அரிக்கின்றது. இழுத்தும் அழுத்தியும் உருவாக்கப்பெற்ற கூட்டினுள் முன்னரே தங்கியிருக்கும் இழுவிசை, அவ்வரிந்த வழியே உலோகத்தைப் பிளக்கின்றது. இரண்டும் சேர்ந்தாலன்றிப் பிளவில்லை. ஆதலின் கூட்டை அளவாகச் சூடேற்றி அவ்விசையைத் தளர்த்துவதே அதற்கு மாற்று.

அடுத்த பக்கத்தில் என் குற்றம் முழுதும் எழுதியிருந்தது. கழுத்திலுள்ள நீல வளையம் கறையன்று. அவ்வாறு சூடேற்றித் தளர்த்தியதற்குச் சான்று. வணிகச் சாலைகள் அழகு கருதி அதனைத் துடைத்துவிடும். படைக்கலச் சாலையோ, தேர்வாளர் கண்டறியும்பொருட்டுத் துடையாது விடும். யான் இரண்டு நாள் தேய்த்து அழித்தது அச்சான்றையே. அன்றியும், பெட்டியிலிருந்தவை ஐந்தாறு முறை நிரப்பிச் சுட்டவை. ஒவ்வொரு முறையும் விரிந்தும் சுருங்கியும் கழுத்து இறுகி, உள்ளிசை மீண்டும் ஏறியிருக்கும். இலாயத்துக் காற்றில் மழைக்காலம் முழுதும் நடந்த வேலையை, யான் ஓர் இரவில் செய்து முடித்திருந்தேன்.

நூலை மூடிவிட்டு வெளியே வந்து ஒரு கற்படியில் அமர்ந்தேன். முதலில் எழுந்தது நாணம். நம் நாட்டு மழையிலும் நம் நாட்டு இலாயங்களிலும் நிகழ்ந்த செய்தியை, இரசாயனப் பட்டம் பெற்று, கடல்கடந்து சென்று அறிய நேர்ந்ததே! பின்னர் எழுந்த எண்ணம் அதனினும் இழிந்தது. கழுத்துப் பிளவு பெரும்பாலும் கூட்டைக் கெடுப்பதன்றி ஆளைக் கெடுப்பதில்லை. ஒருவேளை ஒன்றும் நேராது. சொல்லாமலே விட்டால் என்ன? இவ்வாறு ஒரு மணி நேரம் என்னோடு வழக்காடினேன். ஆயினும் பிளவு அடிப்பகுதியில் இருந்தால்? சுடும்பொழுது கூட்டினுள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 50,000 பவுண்டு அளவினது. பித்தளை விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்வதால் மாத்திரமே அவ்வாவி பின்னே வாராது நிற்கின்றது. அதற்குப் பின்னே ஒரு சாண் தொலைவில் இருப்பது பெரியவரது வலக்கண்.

இருட்டியபின் வீடு சேர்ந்தேன். அவர் கொட்டகையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: காடி, அமோனியா, நீலம், எலுமிச்சை என்ற பொய். அவர் இடைமறித்திலர். சொல்லி முடித்ததும் உருப்பெருக்காடி ஒன்றை எடுத்து, விளக்கின்கீழ் ஒரு கூட்டைப் பிடித்தார். மயிரிழை போன்ற கோடு ஒன்று கழுத்தின் வாயிலிருந்து தோள்வரை ஓடியது. என் கண்ணுக்கும் புலனாயிற்று. பின்னர்க் குறட்டை எடுத்து, வாளியிலிருந்த சாதாரணக் கூடு ஒன்றன் வாயை நெரித்தார். அது தகட்டைப்போல் மடிந்தது, விண்டிலது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவ்வாறே நெரித்தார். பொரிந்த அப்பளம்போல் ஒலித்து விண்டது. இரண்டாவதும் விண்டது. மூன்றாவது மடிந்தது. நான்காவது விண்டது.

"மூன்றாவது நல்லதாயிருக்கலாமே, ஐயா," என்றேன்.

"எது நல்லது என்று நீ சொல்வாயா?" என்றார்.

அதற்குமேல் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். மற்றொரு குறட்டை என் கையிற் கொடுத்தார். பிறர் எவரும் தவறியும் எடுத்து நிரப்பாதபடி, ஒவ்வொரு கூட்டின் வாயையும் நெரித்துப் பழைய பித்தளைத் தகரத்தில் இடுமாறு பணித்து, தாமும் எதிரே அமர்ந்து நெரிக்கலானார். இடையில் ஒருமுறை மட்டும் பேசினார். தம்பியார் கூடுகளைத் துணியால் துடைப்பதன்றித் துலக்கியதே இல்லையாம். எத்தனையாவது முறை சுட்டது, எப்பொழுது சூடேற்றியது என்பதை நிறத்தைக்கொண்டே சொல்லிவிடுவாராம். கறுத்த கூடு தன் வரலாற்றைத் தானே சொல்லும், ஒளிரும் கூட்டை நாம்தான் கேட்கவேண்டும் என்பாராம். யான் துலக்கிக் கொடுத்த நாளில் பெரியவர் கழுத்தைப் புரட்டிப் பார்த்ததன் காரணம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

எண்ணிக்கொண்டே நெரித்தேன், சுடுகளத்துப் பழக்கம். பெட்டி காலியானபொழுது 118 ஆயிற்று. மூடியில் 120 என்றிருந்ததே! "ஐயா, இரண்டு குறைகின்றன," என்றேன், மேசையின் அடியிற் குனிந்து தேடியவாறே.

அவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த வேட்டைச் சட்டையின் பையிற் கைவிட்டார். முழுத் தோட்டாக்கள் இரண்டை வெளியே எடுத்தார். சென்ற ஆண்டு தம்பியார் நிரப்பியவை, சுடாமல் தப்பியவை. வெல்ல நிறமும், தோளில் நீல வளையமும் அப்படியே இருந்தன. விளக்கருகே கொணர்ந்து அடியையும் கழுத்தையும் உருப்பெருக்காடியால் நெடுநேரம் நோக்கினார். பின்னர்த் திரும்பவும் பையில் இட்டுப் பொத்தானை மாட்டினார்.

"மானுக்கு ஒன்று போதும்," என்றார். "உணவு கொண்டாயா?"

இல்லையென்றேன். விளக்கை அணைத்துவிட்டு முன்னே நடந்தார். பித்தளைத் தகரத்தை எடுத்துக்கொண்டு யானும் பின்தொடர்ந்தேன்.